மேற்கே சாரல், கிழக்கே அடுக்கு

அந்த நாற்காலி வேண்டாம் சார், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. அப்பா வர நேரமாகும். புளியரைக்குப் போயிருக்கார், லோடு கேரளா செக்போஸ்ட்டில் நிற்குது. "இன்ஜினியர் வந்தா நான் வாரது வரைக்கும் வாயத் தொறக்காதட்டி"ன்னு சொல்லிட்டுத்தான் போனார். எனக்கு வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து பழக்கமில்லை. அதுவும் நீங்க கோர்ட்டில் இருந்து வந்திருக்கீங்க. கேட்டால் சொல்றதுக்கு என்ன? உள்ளதைத்தானே சொல்லப்போறேன்.

நேராவே ஆரம்பிக்கிறேன். கொட்டகைக் கூரை பறந்துச்சு. எங்க லோடுமேன் மாரித்துரை செத்தான். அதுக்கு ஒருத்தர் உள்ளே போகணும். கட்டினது தப்புன்னா அத்தான். கட்டினதுக்கு அப்புறம் அதை வச்சுக்கிட்ட விதம் தப்புன்னா அப்பா. அத்தான் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கார். நீங்க எழுதிக் கொடுக்கிறதை வச்சுத்தான் அவர் அங்கேயே கிடக்கணுமா, இல்லை அவரை விட்டுட்டு அப்பாவைக் கூட்டிட்டுப் போகணுமான்னு முடிவாகும்னு வக்கீல் சொன்னார். எனக்கு அப்பா வீட்டில் இருக்கணும். அத்தான் எங்கே இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லை. சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது சார், அதுக்குப் பொறுமை கிடையாது.

அங்கே கதவுகிட்ட வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கிறது அக்கா. ஆவுடை. அத்தானோட சம்சாரம். வயித்தில் ஆறு மாசம். வணக்கமெல்லாம் சொல்லாதீங்க, பதில் வராது. போலீஸ்காரங்க வந்து எழுதி வாங்கிட்டுப் போன அன்னைக்கு வாயை மூடினவள்தான். சோறு வைப்பாள், துணி துவைப்பாள், பேச மட்டும் மாட்டாள். அப்பா கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். நான் காதுகிட்ட போய்க் கத்திக்கூடப் பார்த்தேன். சுவர்கிட்டப் பேசின மாதிரிதான். அவள் இருக்கட்டும், நாம பேசுவோம்.

எங்களுக்கு வைக்கோல் யாவாரம். மிஷின் சுருட்டித் தர்ற கட்டை வயலில் இருந்தே வாங்கி, இங்கே களத்தில் சேர்த்து வச்சு, கேரளாவுக்கு லாரி ஏத்துறோம். நான் பிளஸ் ஒன் கொஞ்ச நாள் போனேன், பிடிக்கலை, நின்னுட்டேன். யாரும் நிறுத்தலை, நானேதான். அன்னைக்கில் இருந்து களம் என் கையில்தான். லோடு ஏத்துறது, இறக்குறது, ஆளை விரட்டுறது எல்லாம் நான். அப்பா வெளியே பார்த்துக்குவார்.

முன்னாடியெல்லாம் தார்ப்பாய்தான் போட்டு மூடுவோம். காத்தோட்டம் இல்லாம வைக்கோல் உள்ளே சூடேறிக் கருத்துப்போகும். கருத்த வைக்கோலை மலையாளத்து மாடு மோந்துகூடப் பார்க்காது. அதனால் ஒரு கொட்டகை போடலாம்னு அப்பா நினைச்சார். சுவர் கூடாது. நாலு பக்கமும் திறந்து கிடக்கணும். காத்து வரணும், லாரி எந்தப் பக்கமும் நுழையணும். இரும்புத் தூண், மேலே தகரம், அவ்வளவுதான். வெல்டிங் பட்டறைக்காரனிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் நிறுத்தியிருப்பான்.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் வந்து சேர்ந்தார். குத்தாலிங்கம் அத்தான். திருநெல்வேலியில் ஒரு கட்டட ஆபீஸில் வேலை பார்த்தவர், தனியா தொழில் செய்யப்போறேன்னு விட்டுட்டு வந்துட்டார். அவருக்கு அப்பா அம்மா கிடையாது. அதனால் கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டிலேயே தங்கிட்டார். வீட்டோட மாப்பிள்ளை. சும்மா இருக்கிறவர்தானேன்னு அப்பா இந்தக் கொட்டகையை அவரிடம் கொடுத்தார்.

அவர் என்ன செஞ்சார் தெரியுமா? மூணு கிண்ணம் வச்சுச் சுத்துற ஒரு கருவியை மூங்கிலில் கட்டிக் களத்துக்கு நடுவில் நட்டார். நட்டுட்டு, கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்திலேயே நின்னார். காலையில் நின்னார், மத்தியானம் நின்னார். லோடுமேன் எல்லாம் வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்க்கிறான்.

நான் போய்க் கேட்டேன், "அத்தான், காத்துக்கு என்ன, காய்ச்சலா? நாடி பாக்கீங்களா?"

களமே சிரிச்சுது. எங்க பக்கம் கொழுந்தியா அத்தானைக் கேலி பண்ணலாம் சார். பண்ணணும். பண்ணாவிட்டால்தான் மாப்பிள்ளைக்கு மரியாதை இல்லைன்னு அர்த்தம். அவரும் சிரிச்சார், இல்லைன்னு சொல்லலை. "இங்க கணவாய் வழியா வாரது வேற மாதிரி காத்து பிரமு. அளக்காம கட்டக் கூடாது"ன்னார்.

அன்னைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அப்பா கேட்டார், "என்ன மாப்ள, தூணு எத்தன? கூர வெயிட்டத் தாங்கணும்லா."

"கூர வெயிட்டு ஒண்ணுமே இல்ல மாமா. தகரம் லேசு. இந்தக் கூர விழாது, பறக்கும். அதுக்குத்தான் கணக்குப் போடணும்."

அப்பாவுக்குப் புரையேறிட்டு. "பறக்கவா? கூரைக்கு என்ன ரெக்கையா மொளச்சிருக்கு?"

அத்தான் தன் தட்டில் இருந்த சோற்றை ஓரமா ஒரு இலையில் ஒதுக்கி வச்சுட்டு, தட்டைக் கழுவிக் கொண்டுவந்து, அதைக் கூரை மாதிரி மட்டமாப் பிடிச்சார். பாருங்க சார், சாப்பிடுற நேரத்தில். "நாலு பக்கமும் தொறந்து கெடந்தா காத்து கீழ ஒரு பங்கு, மேல ஒரு பங்கு, வந்த வேகத்துல போயிரும். இப்ப பாருங்க"ன்னு தட்டுக்குக் கீழே, காத்து வெளியே போற பக்கம், இன்னொரு கையை வச்சு அடைச்சார். "போற வழிய அடைச்சாச்சு. உள்ள வந்த காத்து எங்க போவும்? கீழ இருந்து தள்ளும். மேல ஓடுற காத்து அதே நேரத்துல உறிஞ்சும். கீழ ஒருத்தன் தள்ளுதான், மேல ஒருத்தன் இழுக்கான். அதுதான் ஆபத்து."

நான் எழுந்து போய் அந்தத் தட்டுக்குக் கீழே வாயை வச்சு 'பூ...'ன்னு ஊதினேன். "பறக்கலையே அத்தான்?"

அப்பா சிரிச்ச சிரிப்பில் அக்காகூட ஒரு நிமிஷம் சிரிச்சுட்டாள். இப்போ அப்படி உட்கார்ந்திருக்கிறாள், அன்னைக்குச் சிரிச்சாள். சிரிச்சியா இல்லையாக்கா? பார்த்தீங்களா, பதில் கிடையாது.

அந்த ஊதல்தான் அப்புறம் ஊர்ப் பழக்கம் ஆயிட்டு. நான் மாரித்துரைகிட்டச் சொன்னேன், அவன் களத்தில் எல்லாருக்கும் சொன்னான். அத்தான் வந்தால் பசங்க கன்னத்தை உப்ப வச்சுக்கிட்டு 'பூ...'ன்னு ஊதுவாங்க. மாரித்துரை ஒரு படி மேலே. ஊதிட்டு, தானே வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பறந்து போற மாதிரி கால் நுனியில் ஓடுவான். சிரிச்சு வயிறு வலிக்கும் சார். டீக்கடையில் ஊதினாங்க. முடி வெட்டப் போனால் அங்கேயும் ஊதினாங்களாம். அத்தான் முன்வாசல் வழியா வர்றதை விட்டுட்டுப் பின்னாடி வாய்க்கால் வழியா வீட்டுக்கு வர ஆரம்பிச்சார்.

அக்கா என்னிடம் வந்தாள். "ஏட்டி, போதும்டி. அவுக சரியா சாப்பிட மாட்டேங்காவ. நீ சொன்னா நிறுத்திருவானுவ."

"வாயால ஊதுனதுக்கே இப்படின்னா, காத்தடிச்சா உம்மாப்பிள என்ன செய்வாரு?"ன்னு கேட்டேன். 

சரி, கொட்டகைக்கு வர்றேன். இந்தத் தூண் குழியைத்தானே அப்போ இருந்தே பார்க்கிறீங்க? சின்னதா இருக்குன்னுதானே? சொல்றேன். அத்தான் ரெண்டு கணக்குப் போட்டார். கொட்டகை காலியா, காத்து போக வர வழியோடு இருந்தால் ஒரு கணக்கு. உள்ளே சரக்கை அடைச்சு வழியை மூடினால் ஒரு கணக்கு. மூடினால் தூணைக் கீழே பிடிச்சு வைக்க ஆள் ஆழம் குழி தோண்டி, உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட் நிரப்பணும்னார். பாரம் தாங்குறதுக்கு இல்லையாம். தூணைப் பிடுங்க விடாம இருக்கிறதுக்காம்.

அப்பா சொன்னார், "என்ன மாப்ள, தூணு நடவா, ஆளப் பொதைக்கவா?"

"அப்ப ஒண்ணு செய்யுங்க மாமா. சின்னக் குழியே போடுதேன். ஆனா கிழக்குப் பக்கம் நெஞ்சு உயரத்துக்கு மேல கட்டு அடுக்கக் கூடாது. மேல எடம் விட்டாத்தான் மேக்க வார காத்து கிழக்க வெளியேறும். இதுல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் இல்லன்னா நான் போட மாட்டேன்."

அப்பா, "சரி மாப்ள, அடுக்கல, போடு"ன்னுட்டார். அப்போதைக்கு வாயை அடைக்கணுமே, அதுக்காகச் சொன்னது. அத்தான் அதை நம்பிட்டார். ஒரு மனுஷனைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா, சும்மா சொல்றாரா நிசமாச் சொல்றாரான்னு? படிச்சவருக்கு அதுகூடத் தெரியலை. கிழக்குத் தூண் எல்லாத்திலும் நெஞ்சு உயரத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். 'இதற்கு மேல் அடுக்காதே'ன்னு எழுத வேற செஞ்சார். மாரித்துரை அதில் முதுகைத் தேய்ச்சுக்கிட்டு, "மாடு சொறிய நல்ல தோது"ன்னான்.

கோடு எங்கேயா? இப்போ இருக்காது சார். அப்புறம் அலுமினியம் பெயின்ட் அடிச்சாச்சு. அப்பா அடிக்கச் சொன்னார். விழுந்த மறுநாள். ஆமா, போலீஸ் வர்றதுக்கு முன்னாடி. விழுந்து கிடந்த தூணுக்கு என்னத்துக்குப் பெயின்ட்டுன்னு நானே கேட்டேன், "அடிட்டின்னா அடி"ன்னார். நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும், அந்தக் கடைசித் தூணில் பாருங்க. பார்த்தீங்களா? நான் பொய் சொல்ல மாட்டேன்.

இதில் கூத்து என்னன்னா, கிழக்கே அடுக்காம எங்கே அடுக்குறது? எங்க ஊரில் சாரல் எங்கே இருந்து வரும்? மேற்கே மலையில் இருந்து. மேற்கே வச்சால் நனையும். அதனால் எந்தக் களமா இருந்தாலும் கிழக்கு ஓரமாத்தான், கூரை முட்ட அடுக்குவாங்க. மேற்கே சாரல், கிழக்கே அடுக்கு. இது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். காத்து கிழக்கே வெளியேறணுமாம், அதுக்காக நான் வைக்கோலை நனைய விடணுமாம். காத்துக்குப் பாதை விடுறதுக்கு நான் என்ன, கல்யாண மண்டபமா நடத்துறேன்?

ஆனி கடைசியில் இருந்தே கேரளாவில் மழை. லாரி போகலை. இங்கே கட்டு வந்துக்கிட்டே இருக்கு. நான் ஏத்தச் சொன்னேன். கோட்டுக்கு மேலே ஏத்தியாச்சு. கிழக்குப் பக்கம் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரைக்கும், தகரத்தில் இடிக்கிற வரைக்கும் சுவர் மாதிரி நின்னுது. பார்க்க அழகா இருக்கும்.

அத்தான் வந்து பார்த்துட்டு, "பிரமு, கோடு போட்டிருந்தேனே?"ன்னார்.

"கோடா? எங்க அத்தான்? தெரியலையே"ன்னேன். கட்டுக்குப் பின்னாடி மறைஞ்சு போச்சுல்ல.

அவர் அப்பாவிடம் போனார். அப்பா, "காத்து வரட்டும், அப்பப் பாப்போம்"ன்னார். அதோட விட வேண்டியதுதானே? இவர் தானே ஏணி வச்சு ஏறி, மேல் வரிசைக் கட்டை எல்லாம் ஒண்ணு ஒண்ணா இறக்கி நடுக்களத்தில் வச்சார். தனி ஆளா. பாதி நாள் வேலை. அப்பா வந்து பார்த்தாரே ஒரு பார்வை. சத்தம் போடலை. "மாப்ள, எப்படி எறக்குனியளோ, அப்படியே ஏத்திருங்க"ன்னார். லோடுமேன் எல்லாரையும் வேலையை நிறுத்திட்டு நிக்கச் சொல்லிட்டார். அத்தானே எல்லாத்தையும் திரும்ப ஏத்தினார் சார். மாரித்துரை மட்டும் கீழே இருந்து கட்டை எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு கட்டுக்கும், "பிடிங்க இன்ஜினியர் சார்"ன்னு சொல்லி, ஒரு 'பூ'. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அக்கா வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டாள்.

கடைசிக் கட்டை வச்சுட்டு அவர் இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னார், "மாமா, என்ன என்ன வேணா செய்யுங்க. காத்து பெருசா அடிக்கும்போது ஒரு ஆளையும் உள்ள நிக்க விடாதீங்க." கும்பிட்டுக் கேட்டார். மனுஷனுக்கு அவ்வளவு பயம். மூக்கில் வைக்கோல் தூசி, அதோட கும்பிடு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை.

அந்த நாள் வந்துச்சு. மத்தியானம். ஆடிக் காத்து எங்களுக்குப் புதுசில்லை, ஆனால் அன்னைக்கு அடிச்சது கொஞ்சம் வேற மாதிரிதான், ஒத்துக்கிறேன். தகரம் மேளம் அடிக்கிற மாதிரி அடிச்சுக்குது. அப்பா புளியரையில் இருந்தார். நான் போன் போட்டேன். "கட்டு ஒண்ணுகூட நனையக் கூடாது, பாத்துக்க"ன்னார். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மேற்கே இருந்து காத்து உள்ளே நுழையுறது கண்ணுக்கே தெரியுது. கூளம் எல்லாம் கிளம்பி உள்ளே போய், கட்டுச் சுவரில் மோதி, அப்படியே மேலே ஏறுது. கூரைக்கு அடியில் போய்ச் சுத்துது. கூரை ஒரு மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்குது. தூண் அடியில் சிமென்ட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் விரல் நுழையுற அளவு இடைவெளி விட்டு விட்டுத் தெரியுது.

அப்போதான் அத்தான் பைக்கைப் போட்டுட்டு ஓடி வந்தார். வந்தவர் நேரா அடுக்கில் தொத்தி ஏறி, கட்டைக் காலால் உதைச்சுக் கிழக்கே வெளியே தள்ள ஆரம்பிச்சுட்டார். மழை பெய்யுது சார்! கட்டு எல்லாம் சகதியில் உருளுது. "வழிய விடணும், வழிய விடணும்"ன்னு பைத்தியம் மாதிரி கத்துறார். "எல்லாரும் வெளிய போங்கலே"ன்னு கத்துறார்.

எனக்கு வந்துச்சே கோபம். அப்பா ஒண்ணுகூட நனையக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். ரெண்டு பேரை ஏத்தி அவரைக் காலைப் பிடிச்சு இழுத்துக் கீழே போடச் சொன்னேன். போட்டாங்க. விழுந்து, எழுந்திருக்கப் பார்த்தார், ஒருத்தன் முதுகில் உட்கார்ந்துக்கிட்டான். அவன்கூட அந்த நேரத்திலும் ஊதினான், நான் பார்த்தேன்.

கூரை ஆடுதுன்னா என்ன செய்யணும்? பிடிக்கணும். லாரிக்கயிறு கிடந்துச்சு. மேற்குப் பக்கம் குறுக்குக் கம்பியில் போட்டு, ஆளுக்கு ஒரு நுனியா இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பந்தல் ஆடினால் பிடிக்கிறதில்லையா, அது மாதிரி. எல்லாரும் பிடிச்சாங்க. அத்தான் கீழே கிடந்துக்கிட்டே கத்துறார், "கயித்த விடுங்கலே! ஒவ்வொரு தூணையும் ஒரு லாரி வெயிட்டுல மேல இழுக்குத மாதிரிலே இது! ஆளு வெயிட்டுக்கு நிக்காது! மாரி, விட்டுருல!"

பாதிப் பேர் விட்டுட்டாங்க. பயந்தாங்கொள்ளிங்க. மாரித்துரையும் என்னைப் பார்த்தான். விடட்டுமான்னு கண்ணால் கேட்டான்.

நான் சொன்னேன், "ஏலே மாரி, ஆம்பளையா இருந்தா விடாத!"

அவன் சிரிச்சான் சார். சிரிச்சுட்டு, கயிறை மணிக்கட்டில் ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கிக்கிட்டான்.

அப்புறம் ஒரே ஒரு காத்து. கூரை மொத்தமா எழுந்துச்சு. தகரம் கிழிஞ்சு பறக்கலை, முழுசா எழுந்துச்சு, தூணோட. தூணுக்கு அடியில் அந்தச் சின்னச் சிமென்ட் கட்டி எல்லாம் மண்ணோட தொங்குது, பல் பிடுங்கின மாதிரி. மாரித்துரையும் அதோட போனான். நிசமாவே பறந்தான். கால் நுனியில் ஓடுவான்னு சொன்னேன்ல, அதே மாதிரி காலை உதைச்சுக்கிட்டுப் போனான். ஒரு நிமிஷம், அவன் வேணும்னேதான் செய்றான்னு நினைச்சு நான் சிரிச்சுட்டேன். பண்பொழி ரோட்டில் விழுந்தான். அவன் மேல் தூண் விழுந்துச்சு.

அடுக்கு மட்டும் அப்படியே நின்னுது, ஒரு கட்டு சரியலை. ஆனால் மேலே கூரை இல்லையே, எல்லாம் நனைஞ்சு கருத்துப்போச்சு.

அப்பா வந்தார். வந்ததும் முதல் காரியமா அத்தானை ஊர் முன்னாடி அறைஞ்சார். "நீதானல கட்டுன?"ன்னு கேட்டார். அத்தான் மாரித்துரை தலையைத் தன் மடியில் தூக்கி வச்சுக்கிட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார், பெரிய இவர் மாதிரி. மாரித்துரை பெண்டாட்டிக்கு இப்போ எங்க களத்தில்தான் வேலை. அதோ, கூளம் அள்ளுறாள்ல, அவள்தான். அப்பாவே கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த மனசு யாருக்கு வரும்?

போலீஸ் வந்தப்போ அக்காவைக் கேட்டாங்க. அப்பா முதல்நாளே அவளிடம் சொல்லிட்டார், "உம்புருஷன் சிமென்ட்டக் கொறச்சுப் போட்டான்னு சொல்லு. சொல்ல மாட்டன்னா இப்பவே வெளிய போயிரு. மாமனார் இருக்கா, மாமியார் இருக்கா, எந்த வீட்டுல போயிப் பிள்ளப் பெறுவ?" சரியான கேள்விதானே? அக்கா சொல்லிட்டாள். சொல்லும்போது அத்தான் அங்கேதான் நின்னார், கையில் விலங்கோட. அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சரி சொல்லுங்கிற மாதிரி. அவரே ஒத்துக்கிட்டார்ல? தப்பு செய்யாதவன் ஏன் தலையை ஆட்டுறான்? இதை நீங்க முக்கியமா எழுதணும் சார்.

என்ன? கயிறைப் பிடிக்கச் சொன்னது யாரா? இதுவரைக்கும் வேற என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன், நான்தான். அப்பாதான் புளியரையில் இருந்தாரே. அப்பா களத்திலேயே இல்லைன்னு நல்லாப் பெருசா எழுதுங்க, அதுதான் வேணும்.

இல்லை, போனில் அப்பா கயிறுன்னு சொல்லலை. நனையக் கூடாதுன்னுதான் சொன்னார். கயிறு என் யோசனை. அத்தானை இறக்கிப் போடச் சொன்னதும் நான்தான். விடாதேன்னு மாரிகிட்டச் சொன்னதும் நான்தான். சார், ஒரே கேள்வியை எத்தனை தரம் திருப்பிக் கேட்பீங்க? அத்தான் விடச் சொன்னது எனக்குக் கேட்டுச்சா? கேட்டுச்சே. ஊருக்கே கேட்டுச்சு. அந்தக் கத்துக் கத்தினார்.

வயசா? என் வயசு எதுக்கு? கொட்டகையைப் பத்தித்தானே எழுத வந்தீங்க? என்ன, பொண்ணு பார்க்கவா வந்திருக்கீங்க? என்ன சார், அக்காவை எதுக்குப் பார்க்கிறீங்க? அவள்தான் பேச மாட்டாள்னு...

என்னக்கா?

என்ன சொன்ன?

சார், கேட்டீங்களா? பேசிட்டாள்! "இவளுக்கு ஆனியிலயே பதினெட்டு வயசு முடிஞ்சுட்டு சார், இது நடந்தது ஆடியில. எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்"னு சொல்றாள். அக்கா! எத்தனை நாளாச்சு உன் குரலைக் கேட்டு! அப்பா வரட்டும், முதலில் இதைத்தான் சொல்லணும். எதுக்கு அழுறே, அதான் பேச்சு வந்துட்டே? இன்னொரு தரம் சொல்லுக்கா. சத்தமாச் சொல்லு, சார் எழுதிக்கட்டும்.